பரீட்சைக்கு வந்த ஊர் மண்

போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியவள், ஒரு காலத்தில் என்னிடம் உதவி ஆசிரியையாக இருந்து இப்போது தலைமை ஆசிரியையாகிவிட்ட பெண். ஊரும் பேரும் வேண்டாம். அவள் பள்ளியில் ஒரு பையன் மலைக்கு மாலை போட்டுக்கொண்டு, சீருடைக்குப் பதில் கறுப்பு வேட்டியில் வந்து நிற்கிறானாம். ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "டீச்சர், உள்ள விடலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றாள்.

ஒரே வார்த்தையில்! அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தால் என் சர்வீஸ் எவ்வளவு நிம்மதியாகப் போயிருக்கும். எனக்கு முன்கோபம் அதிகம். என்னிடம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எங்கள் பெரிய சாரின் ஈரக் கைக்குட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. "யோசிச்சு எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீளமாகிவிட்டது. அவள் பொறுமையாகப் படிப்பாள் என்று நம்புகிறேன்.

நான் திருவள்ளூர்க்காரி. அங்கேயே படித்து, சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். பயிற்சிக் கல்லூரியில் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். கீச்சென்று சத்தம் வராமல் சாக்பீஸ் பிடிப்பது ஒன்று, மேலதிகாரி பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது இன்னொன்று. முதலாவது எனக்கு நன்றாக வந்தது. அறுபதுகளின் கடைசியில், எளாவூருக்குக் கிழக்கே ஏரிப்பக்கம் இருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக முதல் வேலை கிடைத்தது. ஏரி என்றால் பழவேற்காட்டு ஏரி, உப்புத் தண்ணீர். பிள்ளைகளில் பாதிப் பேர் மீன் பிடிக்கிற குப்பங்களிலிருந்து படகில் வந்து கரையேறி நடந்து வருவார்கள். மீதிப் பாதி கூலி வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகள். அதில் இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. நெற்றியில் விபூதி, கழுத்தில் சிலுவை, இடுப்பில் தாயத்து என்று ஒரு வகுப்பிலேயே எல்லாம் இருக்கும்.

பெரிய சார் என்று நாங்கள் சொன்னது தலைமை ஆசிரியர் அருணாசலத்தை. வீட்டிலிருந்து சைக்கிளில் வரும்போது அவர் நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி இருக்கும். பள்ளிக் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்துவார். ஹேண்டில்பாரில் தொங்கும் கூஜாவைத் திறந்து கைக்குட்டையை நனைப்பார். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் துடைத்து, கைக்குட்டையைப் பிழிந்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் உள்ளே கால் வைப்பார். சாயங்காலம் வெளியே போனதும் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மறுபடி பூசிக்கொள்வார். மழை நாளில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அவர் இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "ஏன் சார் அழிக்கிறீங்க? நாங்களும் பொட்டை அழிச்சுட்டு வரணுமா?"

"உங்களை யாரும்மா சொன்னா? இது என்னோட கணக்கு. இந்த நாற்காலியில உக்கார்றவன் யாரு கட்சின்னு உள்ள வர்ற புள்ளைக்குத் தெரியக் கூடாது. அவ்ளோதான்."

"அப்ப பிள்ளைங்க?"

"அவங்க ஏன் அழிக்கணும்? அவங்களா சம்பளம் வாங்குறாங்க?"

காலைப் பிரார்த்தனையிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பாட்டு கிடையாது. மணி அடித்ததும் ஒரு நிமிஷம் மௌனம். "அவங்கவங்க சாமிய அவங்கவங்க நெனச்சுக்கலாம். சாமி இல்லாதவங்க பதினாறாம் வாய்ப்பாட்டை நெனச்சுக்கலாம்" என்பார். எனக்குத் தெரிந்து பதினாறாம் வாய்ப்பாட்டை நினைத்தவன் ஒருவனும் இல்லை. பரீட்சையில் அது தெரிந்தது.

அரசு இடங்களில் சாமி படம் வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்த காலம் அது. எங்கள் ஆபீஸ் அறையில் ஒரு சரஸ்வதி, ஒரு முருகன், யாரோ கொடுத்த மாதா படம் ஒன்று என்று வரிசையாக மாட்டியிருந்தது. உடற்பயிற்சி ஆசிரியருக்கு ஒரே குஷி. அவருக்குச் சாமியே ஆகாது. "நானே கழட்டி எறியறேன் சார்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பெரிய சார் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தானே ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கினார். வேட்டி நுனியால் தூசி துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, கொடுத்தவர்கள் வீட்டுக்கே சாயங்காலம் சைக்கிளில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

படங்கள் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, சட்டம் சட்டமாகத் தெரிந்தது. மறுநாள் அந்த வெற்றுச் சுவரைப் பார்த்து இரண்டு மூன்று பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் பல்லைக் கடித்தார். பெரிய சார் சொன்னதுதான் என் காதில் இன்னும் இருக்கிறது. "சுவர் நம்முது சார். அதுல ஒண்ணும் மாட்டக் கூடாது. கும்புடறது அவங்களுது. அதுல நாம கை வைக்கக் கூடாது."

சொல்வதற்கு இது சுலபம். இந்த வார்த்தைக்குச் சோதனை வந்தது எழுபதுகளில், கங்காவின் வடிவத்தில்.

கங்கா ஏரிக்குள் தள்ளியிருந்த ஒரு குப்பத்துப் பெண். அவள் அப்பா எல்லப்பன் படகுக்காரர். அந்தக் குப்பத்திலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் பெண் அவள்தான். கணக்கில் கெட்டி. ஒரு கணக்கை நான் போர்டில் போட்டு முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு என்னைக் கடுப்பேற்றுவாள். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது, பத்து பேர் படித்திருந்தால் பத்து பேருக்கும் வேலை என்றெல்லாம் ஊரில் பேச்சு இருந்த நேரம். கங்காவுக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. டீச்சர் டிரெயினிங் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஒரு நிபந்தனை. பக்கத்துக் குப்பத்தில் முறைமாப்பிள்ளை தயாராக இருந்தான். பாஸ் பண்ணினால் டிரெயினிங். இல்லாவிட்டால் வைகாசியில் கல்யாணம். பரீட்சையை ஒரு தடவை விட்டால் அடுத்த தடவை என்பது அவளுக்குக் கிடையாது.

அந்த வருஷம் புயலில் குப்பத்துப் படகுகள் சில போய்விட்டன. வழக்கமாக ஆடியில் எடுக்கிற அம்மன் திருவிழாவை இந்த முறை பங்குனியிலேயே எடுப்பதாக ஊர் வேண்டிக்கொண்டது. திருவிழா தொடங்கும்போது ஊரில் இருக்கிற எல்லோருக்கும் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் வேப்பிலை முடிந்து மணிக்கட்டில் கட்டுவது. கட்டியவர்கள், அதை அவிழ்க்கிற நாள் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆபத்து என்று நம்பிக்கை. தாண்டிய குடும்பத்தை ஊர் தள்ளி வைத்துவிடும்.

பரீட்சைக்குப் படிப்பதற்காகக் கங்கா எளாவூரில் என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். நான் இரண்டு நாள் திருவள்ளூர் போயிருந்தபோது எல்லப்பன் வந்து, ஆத்தா கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுதினால் நல்லது என்று மகளைக் கூட்டிப்போய்விட்டார். பரீட்சைக்கு முன்னாலேயே காப்பு அவிழ்த்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அவர் நாள் பார்ப்பதெல்லாம் பிறையை வைத்துத்தான். எந்தப் பிறைக்கு எத்தனை தண்ணீர் ஏறும் என்று ஏரியில் ஒரு நாளும் பிசகாத மனுஷன், இங்கிலீஷ் தேதியைப் பிறைக்கு மாற்றும்போது ஒரு வாரம் பிசகிவிட்டார். காப்புக் கட்டியாயிற்று. அவிழ்ப்பதற்குள் பரீட்சையில் பாதி முடிந்துவிடும்.

ஹால் டிக்கெட் கொடுக்கிற அன்று கங்கா வரவில்லை. பக்கத்துக் குப்பத்து மீன்காரம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். "காப்புக் கட்டிட்டாங்கோ டீச்சரம்மா. பொண்ணு அழுதுக்கினு கீது. ஒரே பேஜாரு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போய்க் கயித்தை வெட்டிக் கூட்டிட்டு வந்துடலாம் சார்" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உடற்பயிற்சி ஆசிரியர் என் பக்கம் நின்றார். "அதான் சரி. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி ரெண்டு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கலாம்."

பெரிய சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு கயிறு அது?"

"இதென்ன கேள்வி சார்?"

"கங்கா கட்டிக்கினு இருக்கா. வெட்டலாமா வேணாமான்னு அவளைக் கேட்டீங்களா?"

அன்று சாயங்காலமே நானும் அவரும் படகு பிடித்துப் போனோம். பள்ளியை விட்டு வந்ததால் அவர் நெற்றியில் விபூதி ஏறியிருந்தது. குப்பத்தில் பந்தல் போட்டு, பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நல்ல மனிதர்தான். விஷயத்தைச் சொன்னதும் பெரிய சாரின் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார்.

"பட்ட போட்டுக்கினு சாமி கும்புடறவரு நீங்க. காப்புக் கட்னா தாண்டக் கூடாதுன்னு உங்களுக்கு நாங்க சொல்லணுமா சார்?"

பெரிய சார் பையைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்து, ஏரித் தண்ணீரில் நனைத்துவந்து, அம்மன் பந்தலுக்கு எதிரிலேயே நெற்றியைத் துடைத்தார். பம்பைக்காரர் கை நின்றுவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"தப்பா நெனைக்காதீங்க தலைவரே. ஆத்தாவை இன்னொரு நாள் குளிச்சுட்டு வந்து கும்புடறேன். இன்னிக்கு வந்திருக்கிறவன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். எந்தச் சாமி பேரைச் சொல்லியும் நான் உங்களைக் கேக்க மாட்டேன். கயித்தை அவுக்கவும் சொல்ல மாட்டேன். எங்க புள்ளை பரீட்சை எழுதணும். அதுக்கு உங்க முறையிலயே வழி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

தலைவர் பதில் சொல்வதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கங்கா வந்தாள். கண் வீங்கியிருந்தது. "நானும் அறுக்க மாட்டேன் சார். ஆத்தாளுக்குக் கட்டுன கயிறு. எங்க நைனா நாளைக்குக் கடலுக்குப் போவணும். ஆனா பரீட்சையும் உட மாட்டேன். ரெண்டும் எனக்கு வோணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் கயிறு ஒரு பக்கம், கங்கா ஒரு பக்கம் என்று நான் பிரித்து வைத்திருந்தேன். அவளுக்கு அது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஊர் கூடிப் பேசியது. பெரிய சார் குறுக்கே பேசவே இல்லை. நடுவில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். "எல்லைன்னா எது தலைவரே? ஊர் முனையில நட்டிருக்கிற கல்லா?"

"கல்லு இப்ப நட்டது சார். ஊரு மண்ணுதான் எல்ல. அந்த மண்ண உட்டுட்டுப் போயி வேற மண்ணுல குந்தக் கூடாது."

"காப்போட கடலுக்குப் போயி புயல்ல மாட்டிக்கினவங்களுக்கு எது ஊரு மண்ணு?"

தலைவர் யோசித்தார். பக்கத்திலிருந்தவர்களோடு காதைக் கடித்தார். பிறகு சொன்னார். "படகு ஊரோடது. படகுல இருந்தா ஊர்ல இருக்கிற மாரிதான். கரையில எறங்கி நடக்கிறதும் போறது வர்றதுதான். குந்துற எடம், காலு ஊணுற எடம், அதான் கணக்கு. அந்த எடத்துல நம்ம மண்ணு இருந்தா குத்தம் இல்ல. வெளக்கு வெக்கறதுக்குள்ள திரும்பிடணும். எடுத்துக்கினு போற மண்ணு ஒரு பிடி கொறையாம திரும்பி வரணும். கேட்டுக்கினியா எல்லப்பா?"

எல்லப்பன் தரையில் விழுந்து கும்பிட்டார். மகளைக் கும்பிட்டாரா, ஊரைக் கும்பிட்டாரா, ஆத்தாளையா என்று தெரியவில்லை.

ஊரைச் சம்மதிக்கவைத்தது பாதி வேலைதான். சர்க்கார் மிச்சம் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பழவேற்காட்டில் பரீட்சை மையம். முதல் நாள் விடியற்காலையில் எல்லப்பன் பாய் விரித்தார். படகில் கங்கா, நான், பெரிய சார், பனையோலைப் பெட்டியில் ஊர் மண். பாதி ஏரியில் எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. கங்கா சரித்திரப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே ஒரு கையால் என் முதுகைத் தடவினாள். கரை வந்ததும் எல்லப்பன் இறங்கவில்லை. "நான் படகுலயே குந்திக்கினு இருக்கேன் சார். எனக்கும் காப்பு கீதே" என்றார். காப்பு அவிழ்க்கிற வரை பரீட்சை நடந்த அத்தனை நாளும் வெயிலில் அந்தப் படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் வேறு ஊர்க்காரர். கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். மண் பெட்டியைக் கண்டதும் சீறினார். "இது சர்க்கார் பரீட்சை சார், கோயில் இல்ல. இந்த மூடநம்பிக்கைக்கெல்லாம் என் ஹால்ல இடம் கெடையாது."

பெரிய சாரின் குரல் உயரவே இல்லை. "ரொம்பச் சரி. நீங்க மண்ணை வெச்சா தப்பு. நான் வெச்சாலும் தப்பு. நாம சர்க்கார் ஆளுங்க. புள்ளை தன் காலடியில வெச்சுக்கறா. பக்கத்துப் புள்ளைக்குத் தொந்தரவு உண்டா? பேப்பருக்குத் தொந்தரவு உண்டா? உள்ள சிலுவை போட்ட பையன் எழுதறான். தொப்பி போட்ட பையன் எழுதறான். நீங்க கழட்டச் சொல்லலியே?"

"மண்ணுக்குள்ள பிட்டு வெச்சுருந்தா?"

"அது நியாயமான கேள்வி. அதை உங்க கையாலயே சலிச்சுப் பாருங்க."

மணி அடிக்க நேரம் நெருங்கியது. கங்கா வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "சல்லடை எங்க?" என்றார். எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். "மண்ணு சலிக்கவா? சலிச்சுட்டு நல்லா கழுவிக் குடு தாயி" என்று கொடுத்துவிட்டார்.

அப்புறம் அதுவே ஒரு நடைமுறையாகிவிட்டது. தினமும் முதல் மணிக்கு முன்னால் வாசலில் ஒரு தாளை விரித்து, கண்காணிப்பாளர் தன் கையாலேயே மண்ணைச் சலிப்பார். சல்லடையில் தங்குகிற கிளிஞ்சலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார், ஏதோ அதில் அல்ஜீப்ரா எழுதியிருப்பதைப் போல. பிறகு சலித்த மண்ணை ஒரு தட்டில் கொட்டிக் கங்காவின் பெஞ்சுக்கடியில் வைப்பார்கள். பெஞ்சின் மேலும் அவள் ஒரு பிடி தூவி, அதன் மேல் உட்காருவாள். இரண்டு காலையும் தட்டில் ஊன்றிக்கொண்டு எழுதுவாள். வெளியே ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது எனக்கு அவள் பேனா தெரியாது; மண்ணில் புதைந்த கால்விரல்கள்தான் தெரியும். கணக்குப் பரீட்சை அன்று அந்த விரல்கள் நெளியவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

காப்பு அவிழ்க்கும் வரை இப்படியே போயிற்று. மண்ணோடு எழுதிய கடைசி நாள், பரீட்சை முடிந்து கங்கா தட்டைப் பெட்டியில் கவிழ்த்துக்கொண்டு படகுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே "ஏம்மா, நில்லு" என்று குரல். கண்காணிப்பாளர். நான் பதறிப்போனேன். மனிதர் கையில் ஒரு தாள் இருந்தது. பெஞ்சுக்கடியில் சிந்தியிருந்ததைத் தானே குனிந்து கூட்டி அள்ளி வந்திருந்தார். முழங்காலில் தூசி.

"ஒரு பிடி கொறையக் கூடாதுன்னு உங்க ஊர்ல சொன்னாங்களாமே. இந்தா, இதுவும் உங்க ஊருதான்" என்று பெட்டியில் கொட்டினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பெரிய சார் மட்டும் எதுவும் நடக்காததுபோல எதிர்வீட்டுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார்.

கங்கா பாஸ் பண்ணினாள். கணக்கில் பள்ளியிலேயே முதல். முறைமாப்பிள்ளை வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் நிம்மதிதான் என்று கேள்வி. அவள் டிரெயினிங் முடித்து, எழுபதுகளின் கடைசியில் மீஞ்சூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய சார் அதற்குள் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். அவளைப் பார்க்க ஒருநாள் காலையில் நான் சொல்லாமல் போனேன்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். கங்கா நடந்து வந்தாள். நெற்றியில் விபூதிக் கீற்று. அன்று வெள்ளிக்கிழமை, எங்கோ அம்மன் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, முந்தானை நுனியை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீற்றை மட்டும் மெதுவாகத் துடைத்தாள். அவளைச் சுற்றிப் பிள்ளைகள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். விபூதி வைத்தவன், சிலுவை போட்டவள், குல்லா போட்ட குட்டிப் பையன், காப்புக் கட்டிய ஒருத்தி. ஒருவரையும் அவள் நிறுத்தவில்லை. ஓடினவன் ஒருவனின் சட்டைப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டாள்.

நான் போய்த் தோளைத் தொட்டேன். "இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தாங்கடி?"

என்னைப் பார்த்த சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லல டீச்சர். பெரிய சாரு கேட்டாண்ட நின்னுக்கினு தொடைக்கிறத தெனமும் பாத்துக்கினுதானே நான் உள்ள வந்தேன்" என்றாள். உள்ளே மணி அடித்தது. "இருங்க டீச்சர், மௌனம் முடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக ஓடினாள்.